ஒரு நம்பர் சின்ன ஜெட்

பெங்களூரில் இருக்கும் என் பிள்ளைக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உனக்கும் உனக்கு நிச்சயித்த பெண்ணுக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். உன் பெயரைப் பாஸ்டர் படித்தபோது உன் நைனா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார். எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் ஏன் எழுந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து உனக்கு எழுதவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டே இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டார் நைனாவின் காலைப் பற்றிக் கேட்டபோது நீ சொன்ன பதில்தான் காரணம். “எங்க நைனாவுக்கு ஸ்பீடு பைத்தியம். கல்யாணம் ஆன பொறவும் ரேஸு ரேஸுன்னு சுத்திக்கினு இருந்தாரு, காலை ஒடைச்சிக்கினாரு. நான் அந்த மாதிரி இல்லீங்க” என்றாய். அவர்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். நான் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நீ சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை அதுதான், உன்மேல் தப்பில்லை. அந்தக் கதையில் உண்மை பாதிதான் என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். இன்று மூன்றாவது ஆளாக உன்னைச் சேர்க்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது எழுபதுகளின் நடுவில். நான் திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கும் விஞ்ஞானமும் நடத்திக்கொண்டிருந்தேன். உன் நைனா ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் லேத்தில் இரும்பு கடைகிற டர்னர். லேத்தின் முன்னால் நின்றால் அவர் வேறு ஆள். பேச்சே இருக்காது, இரும்புச் சுருள் உதிர்வதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. டூ ஸ்ட்ரோக், நூற்று எழுபத்தைந்து சிசி, வாங்கும்போதே இரண்டு கை மாறி வந்தது. ஒரு விடுமுறைக்குச் சித்தூரில் என் அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஊருக்கு வெளியே காய்ந்த ஏரியில் மோட்டார் சைக்கிள் மண் பந்தயம் நடக்கிறது என்று யாரோ சொல்ல, பார்க்கப் போனார். திரும்பி வந்தவர் சோறு சரியாகத் தின்னவில்லை. மறுவாரமே வண்டியிலிருந்து லைட்டு, ஹாரன், பின்சீட்டு, சைடு பாக்ஸ் எல்லாம் கழன்று வராந்தாவில் குவிந்தன. மண்ணைக் கவ்விப் பிடிக்கும் பட்டன் டயர் வந்தது. பின்சக்கரத்துக்குப் பல் அதிகமுள்ள ஸ்ப்ராக்கெட்டை அவரே கடைந்து மாட்டினார். அடுத்த பந்தயத்தில் கலந்துகொண்டு கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தார். உடம்பெல்லாம் செம்மண். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

நீ நினைத்துக்கொண்டிருப்பதுபோல் நான் அதைப் பொறுத்துக்கொண்ட மனைவி இல்லை. அதுதான் நான் முதலில் சொல்லவேண்டிய சங்கதி. ஒரு சனிக்கிழமை பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு, புகை வெளியேறும் துவாரத்தின் மேல்விளிம்பை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். “இன்னா பண்றீங்க?” என்றேன். “இந்த ஓட்டையை ஒரு மில்லிமீட்டர் மேல தூக்குனா பொகை சீக்கிரம் வெளிய பூடும். வண்டி கூடுதலா சுத்தும்” என்றார். “ஒரு மில்லிமீட்டர்னா எவ்ளோ சீக்கிரம்?” அவர் தலையைச் சொறிந்தார். “அதெல்லாம் யார் மே கணக்குப் போட்டாங்க? ராவிப் பாக்கறதுதான்.” நான் பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு இறங்கி வந்தேன். பிஸ்டன் எவ்வளவு இறங்கினால் அந்தத் துவாரம் திறக்கிறது, அப்போது பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று பள்ளிக்கூடத்துக் கோணமானியை வைத்து அளந்தேன். அன்று மத்தியானம் சமையல் நடக்கவில்லை. பக்கத்துத் தெரு ஓட்டலிலிருந்து இட்லி வாங்கிவந்து, எண்ணெய்க் கையோடு இரண்டு பேரும் சாப்பிட்டோம். என் கல்யாண வாழ்க்கை நிஜமாகவே ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அதன் பிறகு எங்கள் சனிக்கிழமைகள் எல்லாம் அந்த இஞ்சினுக்கே போயின. சிலிண்டர் ஹெட்டை அவர் லேத்தில் பிடித்து மயிரிழை மயிரிழையாகச் சீவிக் குறைத்தார். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் கூடும். பெட்ரோல் காற்று ஏறும் வழிகளில் இருந்த மேடு பள்ளத்தையெல்லாம் வழித்து எடுத்தார். புகைக்குழாய் மட்டும் என் பொறுப்பு. டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியே போகிற அதே துவாரத்தில் புதுப் பெட்ரோலும் கொஞ்சம் தப்பித்து ஓடிவிடும். குழாயை நடுவில் பெருத்து, முனையில் சிறுத்து, வாழைப்பூ மாதிரிச் செய்தால், வெடிச்சத்தத்தின் அலை முனையில் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடுகிற பெட்ரோலை உள்ளே தள்ளும். சரியான நேரத்துக்குத் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான். லாகரிதம் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீளத்தைக் கணக்குப் போட்டேன். பழைய காலண்டர் அட்டையில் கூம்பு கூம்பாக வெட்டிக் கொடுத்தேன். அவர் அதே அளவுக்குத் தகட்டை வெட்டிச் சுருட்டிக் காஸ் வெல்டிங் வைத்தார். மாட்டி ஓட்டிப் பார்த்தால் வண்டி முன்னைவிட மோசம். “நல்லாப் பாடுது மே, ஆனா ஓட மாட்டேங்குது” என்றார். ஒரு வார்த்தை கேலி பண்ணவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. கோபத்தில் அந்தக் குழாயைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் வெந்துபோனது. தண்ணீர்க் குழாயடியில் கையை நனைத்துக்கொண்டு நின்றபோதுதான் புத்தி வந்தது. நான் போட்டது சாதாரணக் காற்றில் ஒலி போகும் வேகம். இந்தக் குழாய்க்குள் இருப்பதோ நெருப்பு. சூட்டில் ஒலி இன்னும் வேகமாக ஓடும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுப்பவள் நான்! அலை முன்கூட்டியே திரும்பிவிடுகிறது. “குழாயை நீட்டணுங்க” என்று கத்தினேன். அடுத்த வாரம் புதுக் குழாயோடு சந்திரகிரி ரோட்டில் அவர் ஆக்சிலேட்டரைத் திருகியபோது முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. நான் ரோட்டோரம் கையில் கட்டோடு நின்று சின்னப் பெண்போல் குதித்தேன்.

அந்த மே மாதப் பந்தயத்துக்கு வண்டியைப் பாசஞ்சர் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் ஏற்றிப் பாகாலா வழியாகச் சித்தூர் கொண்டுபோனோம். இரண்டாவதாக வந்தார். ஜெயித்தவர் பெங்களூரிலிருந்து வெளிநாட்டு வண்டியோடு வந்தவர். எங்களுக்கும் அவருக்கும் ஒரு வண்டி நீளம்தான் வித்தியாசம். பந்தயம் முடிந்ததும் ஒரு கூட்டமே எங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டது. நடத்துகிறவர்களில் பெரியவர் ஒருவர் குழாயைத் தட்டிப் பார்த்து, “இதி எவரு சேசினாரு?” என்று தெலுங்கில் கேட்டார், யார் செய்தது என்று. நைனா என்னைக் காட்டி, “மா ஆவிட” என்றார், என் வீட்டுக்காரி என்று. அந்தப் பெரியவர் நல்ல ஜோக் கேட்டதுபோல் சிரித்து, நைனாவின் தோளைத் தட்டிவிட்டு, “பெண்கள் எல்லாம் அந்தப் பந்தலில் உட்காரலாம், நிழல் இருக்கு” என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னார். நான் போய் நிழலில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தபோது எனக்குள் ஒன்று நுழைந்தது. பந்தய ஆசை அதுவரை அவருடையதாக இருந்தது. அன்றிலிருந்து அது என்னுடையதாகிவிட்டது. அவருக்கு ஓட்டினால் போதும். எனக்கு ஜெயிக்கவேண்டும்.

இனி சொல்லப்போவதைப் புரிந்துகொள்ள உனக்கு ஜெட் என்றால் என்னவென்று தெரியவேண்டும். கார்பரேட்டருக்குள் பித்தளையில் ஒரு சின்ன திருகாணி இருக்கும், நடுவில் ஊசித் துவாரம். அதன் வழியாகத்தான் இஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். துவாரத்தின் அளவுக்கு ஏற்ப நம்பர் போட்டிருப்பார்கள். பெரிய நம்பர் என்றால் பெட்ரோல் அதிகம். வண்டி புகை கக்கிக்கொண்டு மந்தமாக ஓடும், ஆனால் இஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும். நம்பர் சின்னதாக ஆக ஆகச் சத்தம் கூர்மையாகும், வேகம் ஏறும், கூடவே சூடும் ஏறும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். ஒரு எல்லையைத் தாண்டினால் பிஸ்டன் உப்பிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுகிறவன் எந்த வேகத்தில் இருந்தாலும் சரி.

அடுத்த பந்தயம் சங்கராந்தி விடுமுறையில் வந்தது. முந்தின நாள் மத்தியானம் வெயிலில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி விசில் மாதிரி பாடியது. நான் கையில் வைத்திருந்த பள்ளிக்கூடத்து ஸ்டாப்வாட்ச்சில் ஒரு சுற்றுக்கு மூன்று வினாடி குறைந்திருந்தது. மறுநாள் காலை ஏழரைக்குப் பந்தயம். நல்ல பனி. ஏரியின் அக்கரை தெரியவில்லை. நைனா மூச்சை ஊதிப் புகையைப் பார்த்துவிட்டு, “குளுரு ஜாஸ்தி கீது மே. காத்து கனமா இருக்கும், நேத்து ஜெட்டு பத்தாது. ஒரு நம்பர் பெருசு போட்டுடு. நான் போய்ப் பேர் குடுத்துட்டு வந்துடறேன்” என்று போனார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்கு ஈடாகப் பெட்ரோல் வேண்டும் என்று எனக்குப் புத்தகத்திலிருந்தே தெரியும். பெரிய ஜெட்டைத் தகர டப்பாவிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தேன், மகனே. இன்னொரு கையில் ஸ்க்ரூ டிரைவர். பத்து சுற்றுதானே, தாங்கிவிடும் என்று நினைத்தேன். அந்த மூன்று வினாடியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியவரும் வந்திருந்தார். ஜெட்டைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன். அவர் வந்து, “மாத்திட்டியா மே?” என்று கேட்டார். “மாத்திட்டேன்” என்றேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு சுற்று அவர்தான் முதலில். பெங்களூர்க்காரரை ஐம்பது அடி பின்னால் விட்டுவிட்டார். என் வண்டியின் சத்தம் மற்ற எல்லாச் சத்தத்துக்கும் மேலே தனியாகக் கேட்டது. நான் அதைக் கேட்டுப் பூரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பாவத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஏழாவது சுற்றில், கரையை ஒட்டிய நீளமான நேர் பாதையில், சத்தம் ஒரு நொடி மெலிந்து உச்சத்துக்குப் போனது. பிறகு சத்தமே இல்லை. ஜனங்கள் கத்துவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஓடிப் போனபோது அவர் மண்ணில் மல்லாந்து கிடந்தார். வலது கால் முட்டிக்குக் கீழே போகக்கூடாத பக்கம் போயிருந்தது. என்னைப் பார்த்ததும், “வண்டிக்கு இன்னா ஆச்சு பாரு” என்றார்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மூன்றாவது வாரம், நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது, “அடுத்த தரம் வரும்போது கார்பரேட்டரைக் கழட்டி எடுத்துக்கினு வா” என்றார். வீட்டுக்கு வந்து கழற்றினேன். டப்பாவில் பெரிய ஜெட் இருந்தது. மாற்றிப் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் யாருக்கும் தெரியாது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாற்றவில்லை. ஆனால் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். கட்டிலில் சாய்ந்தபடியே அடிமூடியைத் திருகி எடுத்தார். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்து நம்பரைப் படித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பப் பூட்டிவிட்டு, “பெட்ரோல் வாடை அடிக்குது, சிஸ்டர் திட்டுவாங்க. எடுத்துக்கினு பூடு” என்றார். அப்போதுதான் என் அப்பா, உன் தாத்தா, சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து உள்ளே நுழைந்தார். அவருக்கு இந்தப் பந்தயமே பிடிக்காது. “எப்படிப்பா விழுந்தே? வண்டியில இன்னா கோளாறு?” என்று கேட்டார். நைனா என்னைப் பார்க்காமல் சொன்னார்: “எண்ணெயை நான்தான் கம்மியாக் கலந்துட்டேன் மாமா. அவசரம்.” அந்தப் பதில்தான் ஊருக்கும் உறவுக்கும் போய்ச் சேர்ந்தது. பிறகு உனக்கும் வந்து சேர்ந்தது.

கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. எட்டு மணி நேரம் லேத்தின் முன்னால் நிற்க முடியாது என்று பட்டறையில் அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுத்துச் சீட்டில் கையெழுத்து வாங்கும் வேலை. உட்கார்ந்தே செய்யலாம். நீ பிறந்து வளர்ந்தபோது பார்த்ததெல்லாம் அந்த நைனாவைத்தான். லேத்தின் முன்னால் நின்ற மனிதரை நீ பார்க்கவே இல்லை. உனக்கு நான் பண்ணிய நஷ்டம் அது. வண்டியைக் கோணிப்பை போட்டு மூடி வராந்தா மூலையில் நிறுத்தினோம். நான் அந்தப் பக்கம் போவதில்லை. சனிக்கிழமைகளில் பேப்பர் திருத்தினேன், துணி துவைத்தேன், அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டேன். அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. அவர் சொல்லாமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று நீ நினைப்பாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்து அழுதேன். போகப் போக, அவர் என்னைத் திட்டித் தீர்த்திருக்கலாமே என்று ஏங்க ஆரம்பித்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் அத்தனை அன்பாக, அத்தனை தூரத்தில் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த வருடம் கோடை முடிந்து ஒருநாள் அவர் கோணியை எடுத்துவிட்டு பிஸ்டனைக் கழற்றி உட்கார்ந்திருந்தார். “இன்னொரு தரம் ஓட்டறேன்” என்றார். நான் வேண்டாம் என்று சண்டை போட்டேன். அவர் கேட்கவில்லை. வலது பக்கத்துக் கால்மிதியை அறுத்து, குட்டைக் காலுக்கு ஏற்றபடி உயர்த்தி வெல்டு வைத்துக்கொண்டார். புகைக்குழாய் விழுந்ததில் நசுங்கியிருந்தது. “இதை நீதான் பாக்கணும்” என்று அதை மட்டும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். பழைய கணக்கு நோட்டை எடுத்தேன். மறுபடி அட்டை வெட்டினேன்.

அதே ஏரி, அதே போல ஒரு குளிர்காலக் காலை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஜெட் டப்பாவை என் மடியில் வைத்தார். “எதைப் போடணுமோ நீயே போடு. நான் பாக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு நகர்ந்தார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. “நில்லுங்க” என்றேன். “அன்னைக்கி நான் மாத்தல.”

“தெரியும்” என்றார்.

“உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா நான் வாயால சொல்லணும் இல்ல? பெரிய ஜெட்டு கையிலதான் இருந்துது. ஜெயிக்கணும்னு மாத்தல. மாத்திட்டேன்னு பொய் சொன்னேன். உங்க காலு என்னாலதான் போச்சு.”

அவர் திரும்பி வந்து பக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்தார். “ஆஸ்பத்திரில அந்த நம்பரைப் பாத்தப்போ உன்னை அடிக்கணும்னு இருந்துது மே” என்றார். “எழுந்துக்க முடியல, அதனால அடிக்கல.” நான் தலையை நிமிர்த்தவில்லை. “கோவம் அப்புறம் பூட்சி. கேட்டா நீ இஞ்சினைத் தொடவே மாட்டியோன்னு பயம். அதான் கேக்கல. கேக்காமலே தொடாம பூட்டே.”

“ரெண்டு வருஷம்” என்றேன்.

“ஆமா. நானும் சொல்லியிருக்கலாம்” என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு ஜெட்டைப் போட்டேன். அவர் பார்க்கமாட்டேன் என்றவர், குனிந்து பார்த்துவிட்டார். “ரெண்டு நம்பர் பெருசா? எருமை மாதிரிப் போவும் மே!” “போவட்டும்” என்றேன். நிஜமாகவே எருமை மாதிரித்தான் போனது. பத்து சுற்றும் நீலப் புகை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் இருமினார்கள். பந்தலில் என்னை உட்காரச் சொன்னார்கள்; நான் போகவில்லை, கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஆறாவதாக வந்தார். சிலிண்டரின்மேல் கையை வைத்துப் பார்த்தேன், ஒரு கணம் தாங்க முடிந்தது. அதுதான் கடைசிப் பந்தயம். வண்டியை நாராயணவனத்துப் பக்கம் ஒருவருக்குக் கொடுத்தோம். நாங்கள் செய்த குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு, வண்டியோடு வந்த பழைய குழாயை மாட்டித்தான் கொடுத்தார் உன் நைனா. ஒன்றரை வருடம் கழித்து நீ பிறந்தாய்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீ கைப்பிடிக்கப்போகும் பெண், நீ சொன்னதைச் சரிபார்க்காமல் நம்பி ஒருநாள் கிளம்பிப் போவாள். நீயும் அவள் சொல்லை நம்பிப் போவாய். அந்த இடத்தில் ஒருவேளை தவறிவிட்டால், அன்று சாயங்காலமே சொல்லிவிடு. அவள் தவறினால், கேட்டுவிடு. பெரிய மனசோடு சும்மா இருந்துவிடாதே. எங்களுக்கு இரண்டு வருடம் வீணாய்ப் போயிற்று. இப்போது இந்த வயதில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், அந்த நாட்கள் திரும்பக் கிடைக்காதா என்று இருக்கிறது.

இதைத் தபாலில் போடுவதற்கு முன்னால் நைனாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவருக்குத் தெரியாமல் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், என் மேஜையிலிருந்த பேனாவைக் கேட்டார். எதையோ அடிக்கப்போகிறார் என்று பயந்துகொண்டே கொடுத்தேன். “ஆறாவது இல்ல மே, அஞ்சாவது. கடைசி ரவுண்டுல ஒருத்தன் செயின் அறுந்து நின்னுட்டான், நீ கவனிக்கல” என்றார். நான் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று எண்ணியவள், ஆறாவதுதான் என்றேன். அரை மணி நேரமாக அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நீ வந்து தீர்த்து வை.

உன் அம்மா